டவுன் ரத வீதி முதல் சுலோசன முதலியார் பாலம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்குக்குள், அதாவது குறுகிய சந்துக்குள் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்கினால் சாயங்காலம் அவர்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகும் வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார்கள். வேலைக்காக இங்கே குடிவந்தவர்களும், இந்த ஊருக்கு வாழ வந்த மருமகள்களும், சென்னையில் வளர்ந்த நம்ம வீட்டுப் பிள்ளைகளும் கேட்பது அதே கேள்விகளைத்தான்.

அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைக் கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், கொஞ்சம் சிக்கலானவை பின்னால்.

“அண்ணாச்சி, திருநெல்வேலிக்கு மெயின் ரோடு எது?”

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள கீழ, தெற்கு, மேல, வடக்கு ரத வீதிகள் நாலும், அங்கிருந்து கிழக்கே ஆற்றைத் தாண்டிப் போகும் ஒரே நீள ரோடும் சேர்ந்ததுதான் இந்த ஊரின் மெயின் ரோடு. டவுன் ஆர்ச், எஸ்.என். ஹைரோடு, ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன், சுலோசன முதலியார் பாலம், கொக்கிரகுளம் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் ரோடு ஒன்றுதான். அதில் டவுனிலிருந்து பஸ் ஏறினால் நேராகப் பாளையங்கோட்டைக்குப் போய்விடலாம்.

இதில் ரத வீதிகள் மிகப் பழையவை. சுலோசன முதலியார் பாலம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது, ஈரடுக்குப் பாலம் 1970களில் வந்தது. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் கோயிலில் தொடங்கி ஊர் ஆற்றுப் பக்கம் வளர்ந்த வரிசையை ஓரளவுக்குப் பார்த்துவிடலாம். அதனால்தான் நேரம் இருக்கிறவர்களைக் கோயில் வாசலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

“டவுன்ங்காங்க, ஜங்ஷன்ங்காங்க, பாளைங்காங்க. இதுல திருநெல்வேலி எது?”

எல்லாம் திருநெல்வேலிதான். தாமிரபரணிக்கு மேற்கே, கோயிலைச் சுற்றி இருப்பது டவுன். ரயில் நிலையத்தைச் சுற்றியது ஜங்ஷன், அதன் பழைய பெயர் வீரராகவபுரம். ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை. கோட்டை இருந்த ஊர் அது. பின்னால் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்தது. திருநெல்வேலியும் பாளையும் ரொம்ப நாள் தனித்தனி நகராட்சிகள். 1994இல் மேலப்பாளையத்தையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள்.

ஆனால் பழக்கம் மாறவில்லை. பாளைக்காரர் துணி எடுக்க ஆற்றைத் தாண்டி வரும்போது “டவுனுக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்லுவார். வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், தொலைதூரப் பேருந்துகள் வந்து நிற்கும் புது பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. அங்கே இறங்கிவிட்டு “கோயில் பக்கத்துலயா?” என்று கேட்டால் இல்லை. டவுன் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும்.

“கோயில் வாசல்ல நிக்கேன்னு சொன்னான், நானும் வாசல்லதான் நிக்கேன், ஆளைக் காணும். ஏன்?”

ஏனென்றால் கீழ ரத வீதியிலேயே இரண்டு வாசல் இருக்கிறது. சுவாமி சன்னதி வாசல் ஒன்று, அம்மன் சன்னதி வாசல் ஒன்று. நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் உள்ளே இணைப்பது சங்கிலி மண்டபம். 1647இல் வடமலையப்பப் பிள்ளை கட்டியது. அதற்கு முன்னால் இரண்டுமே பக்கத்துப் பக்கத்துக் கோயில்களாக நின்றவை.

எனவே யாரையாவது வரச் சொன்னால் “அம்மன் வாசல்” அல்லது “சாமி வாசல்” என்று பிரித்துச் சொல்லுங்கள். செருப்பை ஒரு வாசலில் விட்டுவிட்டு மறு வாசல் வழியாக வெளியே வந்து, வெயிலில் சுடும் தாரில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். போன வாசலிலேயே திரும்பி வாருங்கள்.

“பழைய ஊர்ன்னா தெரு குறுகலாத்தான இருக்கும்? ரத வீதி மட்டும் எப்படி இவ்வளவு அகலம்?”

தேருக்காக. இந்த வீதிகளின் அகலம், திருப்பம், கட்டடங்களின் வரிசை எல்லாவற்றுக்கும் அளவுகோல் நெல்லையப்பர் தேர்தான். ஆனித் தேரோட்டத்தில் ஓடுவது ஐந்து தேர்: பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர். அதில் சுவாமி தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. அது கீழ ரத வீதியில் கிளம்பி, தெற்கு, மேல, வடக்கு வீதிகள் வழியாகச் சுற்றி மறுபடி நிலைக்கு, அதாவது தேர் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். தேர் போக இடம் இருந்தால் மட்டும் போதாது. இரு பக்கமும் வடம் பிடிப்பவர்கள் நடக்க வேண்டும், பின்னால் தடி போடுகிறவர்கள் நிற்க வேண்டும், இவ்வளவையும் பார்க்க ஊர் முழுவதும் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்த அகலத்தின் அருமை மூலைகளில்தான் தெரியும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முக்கில் திருப்ப வேண்டுமானால் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக் கட்டையைச் செருகி, ஒரு பக்கத்து வடத்தைத் தளர்த்தி, மறு பக்கத்து வடத்தை இழுத்து, அங்குலம் அங்குலமாகத் தேரைச் சறுக்கித் திருப்புவார்கள். கட்டை போடுகிறவரின் கை சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அவர் கையைக் காட்டினால் ஆயிரக்கணக்கான பேர் வடத்தை அப்படியே நிறுத்த வேண்டும். கட்டை தேய்ந்து புகை வரும், மரம் கருகிய வாடை அடிக்கும். நேர் வீதியில் சரசரவென்று வந்த தேர் முக்கு வந்ததும் மணிக்கணக்கில் நின்றுவிடுவது இதனால்தான். அந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு இந்த வீதியை விட்டுவைத்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

“தேரோட்டம் எப்போ? எங்க நின்னா நல்லாத் தெரியும்?”

ஆனி மாதம், அதாவது ஜூன் கடைசி அல்லது ஜூலை. பத்து நாள் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சிறிய தேர்கள் முன்னால் போய்விடும். சுவாமி தேர் கிளம்பிய பிறகுதான் கூட்டம் நெருக்கும்.

சுவாமி தேர் நிலையை விட்டுக் கிளம்பும் முதல் அசைவைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ ரத வீதி. திருப்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாகையடி முக்கு. குழந்தைகளோடு வருகிறவர்கள் முக்கில் நிற்க வேண்டாம். நேர் வீதியில் யாராவது தெரிந்தவர் கடை மாடி கிடைத்தால் அதுதான் நல்லது. 2024 தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்து தேர் நின்று நின்று போனது. அதனால் இத்தனை மணிக்கு நிலைக்கு வந்துவிடும் என்று நம்பி ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

“இருட்டுக்கடை எங்கன இருக்கு? காலைல போனா பூட்டிக் கெடக்கு?”

கீழ ரத வீதியில், கோயிலுக்கு எதிரே. சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டித்தான் திறப்பார்கள். அன்றைக்குப் போட்ட அல்வா தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். பளபளக்கும் போர்டைத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. வரிசையைத் தேடுங்கள், வரிசையின் முடிவில் கடை இருக்கும். வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக நடத்தும் கடை. மங்கலான ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்ததால் மக்களாக வைத்த பெயர் அது.

திருநெல்வேலியில் மிட்டாய்க்கடையை லாலா கடை என்று சொல்வதும் இப்படி வடக்கேயிருந்து வந்து அல்வா கிண்டிய குடும்பங்களால்தான். சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிக்குப் போனபோது அங்கே சாப்பிட்ட பண்டத்தை விட மனசில்லாமல் சமையல்காரரையே கூட்டிவந்தார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். டவுனில் லாலா சத்திர முக்கு என்று ஓர் இடமே இருக்கிறது.

“ஒரே பேர்ல பத்து கடை இருக்கே, எதுல வாங்க?”

ஜங்ஷனில் இந்தக் குழப்பம் அதிகம். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு புகழ்பெற்ற பெயரை ஒட்டி முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் சேர்த்து வரிசையாகக் கடைகள் இருக்கும். போர்டைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். முதலில் சூடாக நூறு கிராம் வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள். நல்ல அல்வா தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும், பல்லில் ஒட்டாது. விரலில் நெய் நிற்கும். சாப்பிட்டு முடித்ததும் கையில் கொஞ்சம் மிக்சர் வைப்பார்கள், திகட்டல் போய்விடும். பிடித்திருந்தால் அங்கேயே ஊருக்கும் பார்சல் வாங்குங்கள்.

பேர் தெரியாத லாலா கடைகளிலும் அருமையான அல்வா கிடைக்கிறது. டவுன்காரர்கள் பலர் தினப்படிக்கு வாங்குவது அங்கேதான்.

“தாமிரபரணித் தண்ணிலதான் அந்த ருசின்னு சொல்றாங்களே, நெஜமா?”

ஊர் முழுக்க அப்படித்தான் நம்புகிறது, நானும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் தண்ணீருக்கு எவ்வளவு பங்கோ, அதைவிடக் கூடுதல் பங்கு உழைப்புக்கு உண்டு என்பது என் எண்ணம். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுக்க வேண்டும். அந்தப் பால் தெளியக் காத்திருக்க வேண்டும். பிறகு சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய் விட்டுவிட்டு, கை ஓயாமல் கிண்ட வேண்டும். விட்ட நெய்யை உள்ளே வாங்கிக்கொண்ட அல்வா, பக்குவம் வந்ததும் அதைத் திரும்ப வெளியே கக்கும். அப்போதுதான் இறக்க வேண்டும். முன்னால் இறக்கினால் மாவு வாடை, பின்னால் இறக்கினால் ரப்பர். கோதுமை மாவைக் கரைத்து, வண்ணப்பொடி போட்டு அரை மணி நேரத்தில் முடித்தால் எந்த ஆற்றுத் தண்ணீரும் காப்பாற்றாது.

“கல்யாணத்துக்குத் துணி எடுக்கணும், எந்த வீதி?”

வடக்கு ரத வீதி. 1924இல் இந்த ஊரில் தொடங்கிய ஆரெம்கேவி முதல் பெரிய ஜவுளிக்கடைகள் அங்கே பேர்போனவை. வண்ணார்பேட்டைப் பக்கமும் இப்போது பெரிய கடைகள் வந்துவிட்டன. முகூர்த்தப் பட்டு எடுக்க நாலு குடும்பமாக வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள். சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

“பெரிய கடை எல்லாம் இருக்கே, இன்னும் எதுக்கு ரத வீதி பிளாட்பாரத்துல வாங்கணும்?”

சில பொருள் அங்கேதான் சரியாகக் கிடைக்கும். பொங்கலுக்கு முந்தின நாட்களில் ரத வீதிக்கு வந்து பாருங்கள். பனங்கிழங்குக் கட்டு, மஞ்சள் குலை, கரும்பு, கோலப்பொடி, பனை ஓலை என்று தரை தெரியாது. கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பொங்கல் என்றால் பொங்கப்படி கொடுக்க வேண்டும். பித்தளைப் பானை, கரண்டி, அரிசி, வெல்லம், காய்கறி எல்லாம் வாங்க அம்மா, அப்பா, மாமா என்று ஒரு கூட்டமே வரும். பானையைத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, “அண்ணாச்சி, எடை போடுங்க” என்று அம்மாக்கள் பேரம் பேசுவதைக் கேட்பதே ஒரு பாடம்.

ஓரத்தில் கடைபோடும் ஆச்சிமார்களிடம் உடன்குடிக் கருப்பட்டி வாங்கினால் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்க்கத் தருவார்கள். சீனி கலந்ததா இல்லையா என்று நாக்கே சொல்லிவிடும். பெட்டியில் அடைத்து வருவதில் அந்த வசதி இல்லை. காய்கறி மொத்தமாக வேண்டுமென்றால் நயினார்குளம் மார்க்கெட், ஆனால் விடியுமுன்னே போக வேண்டும்.

“எஸ்.என். ஹைரோடுன்னா யாரு பேரு அது?”

சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலை. டவுன் ஆர்ச்சிலிருந்து ஜங்ஷன் பக்கம் வரும் ரோடு. கோயில் வாசலிலிருந்து ஜங்ஷன் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான், நடக்கலாம். வழியில் பொருட்காட்சித் திடலும் வ.உ.சி. மணிமண்டபமும் இருக்கின்றன. ஜங்ஷன் பக்கம் வரும்போது ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி. எட்டயபுரத்துப் பிள்ளை ஒருவன் 1890களில் இங்கே வந்து படித்தான், பின்னால் அவனை உலகம் மகாகவி பாரதி என்று அறிந்தது. தினமும் அந்தப் பள்ளியைத் தாண்டிப் பஸ்ஸில் போகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

“ஈரடுக்குப் பாலம் எதுக்கு ரெண்டு அடுக்கு?”

1876இல் ரயில் வந்தது. ஜங்ஷன் வளர்ந்தது. கூடவே டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் தண்டவாளம் குறுக்கே விழுந்தது. கேட் போட்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கும். ரோட்டை ஒட்டிக் கடையும் வீடுமாக இருந்ததால் பக்கவாட்டில் அகலப்படுத்தவும் இடம் கிடையாது. அதனால் மேலே மேலே கட்டினார்கள். மேல் தளத்தில் பஸ், லாரி போன்ற பெரிய வண்டிகள், கீழ்த் தளத்தில் சைக்கிள், பைக் போன்ற சிறு வண்டிகள். 1970களின் தொடக்கத்தில் திறந்தார்கள். திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள், ஊர் என்னவோ ஈரடுக்குப் பாலம் என்றுதான் கூப்பிடுகிறது.

முதல் தடவை பைக்கில் வருகிறவர்கள் மேல் தளத்தில் ஏறிவிட்டுத் தடுமாறுவார்கள். ஓரத்தில் போகும் உள்ளூர் பைக்கின் பின்னாலேயே போய்விடுங்கள், சரியாக இருக்கும்.

“சுலோசன முதலியார் ஆம்பளையா பொம்பளையா?”

ஆண். பெயரைப் பார்த்துப் பாதிப் பேர் பெண் என்று நினைக்கிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்தவர். அந்தக் காலத்தில் டவுனிலிருந்து பாளைக்குப் போக வேண்டுமென்றால் படகில்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. படித்துறையில் யார் முதலில் ஏறுவது என்று தள்ளுமுள்ளும் அடிதடியும் நடக்கும். கலெக்டராக வந்த ஈ.பி. தாம்சன் பாலம் கட்ட நினைத்தார், பணம் இல்லை. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணம் 50,000 ரூபாயைக் கொடுத்தார். 1840களின் ஐம்பதாயிரம் என்பதை மறக்க வேண்டாம். 1843 நவம்பரில் பாலம் திறந்தது. பதினொரு வளைவுகள், லண்டனில் அப்போதிருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயல்.

பிற்காலத்தில் அகலப்படுத்தினார்கள், அண்மையில் பக்கத்திலேயே இன்னொரு பாலமும் கட்டினார்கள். ஆனாலும் பழைய வளைவுகள் இன்னும் பாரம் தாங்குகின்றன. பஸ்ஸில் போனால் இது தெரியாது. ஒரு தடவையாவது ஆற்றுக்குள் இறங்கி, கீழே நின்று அந்த வளைவுகளைப் பாருங்கள்.

“அவரு பொண்டாட்டி நகையெல்லாம் கழட்டிக் கொடுத்தாங்கன்னு எங்க ஆச்சி சொல்லுவா. நெசமா?”

எங்கள் வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பாலத்தில் போக வரச் சுங்கம் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஏழைகளுக்கு அது சுமையாகிவிடும் என்று வீட்டுக்கு வந்து அவர் வருந்தினார், மனைவி நகைகளைக் கழற்றி வைத்தார் என்று போகும் கதை. அவர் சொந்தப் பணம் கொடுத்தது வரலாறு. நகைக் கதை ஊர் வாய்வழியாகக் காத்துவந்தது. இரண்டையும் கலக்காமல், இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பது என் பக்கம். அந்த அம்மாளை ஊர் இத்தனை காலம் நினைவில் வைத்திருப்பதே மரியாதைதான்.

“1908ல இந்த ரோட்டுல துப்பாக்கிச்சூடு நடந்ததாமே?”

நடந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைதானார்கள். மறுநாள், மார்ச் 13, திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

ஒரு தலைவர் கைதானதற்காகக் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் ரோட்டுக்கு வந்த ஊர் இது. இறந்துபோன நாலு பேரும் பெரிய ஆட்கள் இல்லை, சாதாரண மக்கள். மேலே சொன்ன மணிமண்டபத்துக்குப் போகிறவர்கள் வ.உ.சி.யோடு சேர்த்து அவர்களையும் நினைக்க வேண்டும்.

“ரத வீதி பூரா கடையா இருக்கு. ஆளுங்க எங்க குடியிருக்காங்க?”

கடைகளுக்குப் பின்னாலும், பக்கத்து முடுக்குகளுக்குள்ளும். ரத வீதியில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அகலத்தில் ஒரு சந்து தெரியும். உள்ளே போனால் வளவு வரும்: ஒரு பொது முற்றம், ஒரு கிணறு அல்லது அடிபம்பு, சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். முன்னால் இருந்த வீடுகளுக்குத் திண்ணை உண்டு. தேர் பார்க்க வருகிறவர்கள், பாதயாத்திரை போகிறவர்கள் எல்லாரும் அதில் உட்காருவார்கள். வாடகை ஏற ஏற முன்கட்டு கடையானது, திண்ணை ஷட்டருக்கு இடம் கொடுத்தது, குடும்பம் பின்கட்டுக்குப் போனது.

பல குடும்பங்கள் பாளைக்கும் பெருமாள்புரத்துக்கும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. ஆனாலும் தேருக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு வளவு வீட்டு மாடி, மொட்டைமாடி, படிக்கட்டு எங்கும் சொந்தக்காரர்கள்தான். மத்தியானம் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் என்று சாப்பாடு நடக்கும்.

“2023 வெள்ளத்துல ஜங்ஷன் முங்கிச்சு, டவுனுக்கு அவ்வளவு ஆகலையே, ஏன்?”

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி கரையை மீறியது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. ஆற்றை ஒட்டிய கைலாசபுரம், ஜங்ஷன் பேருந்து நிலையப் பகுதி, ஆற்றங்கரையில் இருக்கும் கலெக்டர் அலுவலக வளாகம் என்று தண்ணீர் நின்றது. கோயில் ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. பழைய ஊர் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. முதல் பதிலில் சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள்: பிற்காலத்தில் வளர்ந்த பகுதிகள் ஆற்றை நெருங்கிப் போனவை.

டவுனுக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கரண்ட் இல்லை, குடிதண்ணீர் இல்லை, பால் இல்லை. ஓடைகளும் குளத்து மடைகளும் அடைபட்டுக் கிடந்தால் அடுத்த மழைக்கு டவுனும் தப்பாது. நயினார்குளத்தைக் குப்பைக் கிடங்காகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“தேர் வருஷத்துல ஒரு நாள்தான் ஓடுது. அதுக்காக வருஷம் பூரா இவ்வளவு அகலத்தைச் சும்மா விடணுமா? கடைய முன்னால இழுத்துக் கட்டினா என்ன?”

இதை ஒரு கடைக்காரரே என்னிடம் கேட்டார். சும்மா கிடக்கவில்லை என்பதுதான் பதில். பிளாட்பாரக் கடை, பொங்கல் சந்தை, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த அகலத்தில்தான் நடக்கிறது. தேர் ஒரு நாள் ஓடுவதால்தான் மீதி நாட்களுக்கும் அந்த இடம் மிஞ்சியிருக்கிறது. தேர் மட்டும் இல்லையென்றால் இரு பக்கமும் படிக்கட்டும் கூரையும் முளைத்து, என்றைக்கோ இதுவும் ஒரு முடுக்காகியிருக்கும்.

ஒவ்வொரு ஆனிக்கும் முன்னால் கடைக்கூரையை மடக்கு, போர்டை எடு என்று அதிகாரிகள் வரும்போது முகம் சுளிக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை வீதியை முழுசாக அளந்து பார்க்கிற வேலை அது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நம்ம தாத்தாக்கள் செய்ததும் அதுதான்.

“அப்போ பிளாட்பாரக் கடைகளையும் எடுத்துடணும்னு சொல்றீங்களா?”

இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற பூக்காரம்மாவும் காங்கிரீட் போட்டு வீதியை மறிக்கிற கட்டடமும் ஒன்றாக முடியாது. தேர் வந்தால் பூக்கூடை அந்த நிமிஷமே நகர்ந்துவிடும், காங்கிரீட் நகராது. நடக்க இடம் வேண்டும் என்பது நியாயம்தான், அதற்கு அவர்களுக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்கலாம். மொத்தமாக விரட்டினால் கருப்பட்டி ஆச்சியும் பனங்கிழங்குக்காரரும் போன வீதியில் ஷட்டர்கள்தான் மிச்சம் இருக்கும்.

“எனக்கு அரை நாள்தான் இருக்கு. எப்படிப் பார்க்க?”

மத்தியானம் மூன்றரை மணிக்குக் கொக்கிரகுளத்தில் இறங்குங்கள். ஆற்றில் இறங்கிப் பாலத்து வளைவுகளைப் பார்த்துவிட்டு, பாலத்தின் மேல் நடந்து ஜங்ஷன் வாருங்கள். ஒரு காபி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி ஆர்ச்சில் இறங்கி, மீதி தூரத்தை நடந்தே கீழ ரத வீதிக்கு வந்தால் ஐந்து மணி இருக்கும். இருட்டுக்கடை வரிசை அப்போதே நீண்டிருக்கும். நின்றுவிட்டால் கோயிலுக்கு நேரம் போய்விடும். அதனால் இரண்டு பேர் வந்தால் ஒருவர் வரிசையில் நில்லுங்கள், மற்றவர் கோயிலுக்குள் போய் இசைத் தூண்களையும் தாமிர சபையையும் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம். தனியாக வருகிறவர்கள் கோயிலை முதலில் பார்த்துவிட்டு, மேலே சொன்னபடி ஏதாவது ஒரு லாலா கடையில் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

பிறகு நாலு ரத வீதியையும் தேர் போகிற வரிசையில், கீழ ரத வீதியில் தொடங்கி வடக்கு ரத வீதியில் முடிகிற மாதிரி, ஒரு சுற்று நடந்துவிடுங்கள். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் திரும்பிப் போக ராத்திரி வரைக்கும் பஸ் உண்டு.